சைக்கமோர் மரமும் அஞ்சு சென்ட் விளையும்

ஜான் கிரிஷாமின் 'சைக்கமோர் ரோ' நாவலை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கூடி வாசித்து முடித்தோம். நாங்கள் என்றால், நாகர்கோவிலில் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் பதினோரு பேர், அதில் சட்டம் படிக்கிற ஒருத்தி, சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும் எங்களைப் போல முப்பது தாண்டியவர்கள் மூன்று பேர், சும்மா எட்டிப் பார்க்க வந்து கடைசிவரை எழுந்து போகாத பெரியவர்கள் சிலர். கையில் இருந்தது ஒரே ஓர் ஆங்கிலப் பிரதி. அதுவும் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் தமிழில் கதையாகச் சொல்வார். சொல்கிறவர் எங்கே சுருக்குகிறார் என்று மற்றவர்கள் காவல் இருப்பார்கள்.

"அம்பேத்கரை வாசிக்காமல் பஸ் ஸ்டாண்டில் விற்கிற கோர்ட் கதையை ஏன் வாசிக்கிறீர்கள்?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். அம்பேத்கரையும் வாசிக்கிறோம். இந்த நாவலை எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எங்களுடைய வெட்கக்கேடான காரணம். கொஞ்சம் தள்ளிச் சொல்கிறோம்.

முதலில் கதை. 1988. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளாண்டன் என்கிற கற்பனை ஊர். கிரிஷாமின் முதல் நாவலான 'எ டைம் டு கில்' நடந்த அதே ஊர். அந்த நாவல் 1989-இல் வந்தது, 1996-இல் படமானது, நம்மில் சிலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்போம். 'சைக்கமோர் ரோ' 2013-இல் வந்தது. சேத் ஹப்பர்ட் என்கிற வெள்ளைக்கார மரவியாபாரி, நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கமோர் மரத்தில் தூக்கு மாட்டிக்கொள்கிறார். அதற்கு முன்பே, தான் நேரில் பார்த்திராத ஜேக் பிரிகன்ஸ் என்ற வக்கீலுக்குத் தன் கையால் எழுதிய உயிலைத் தபாலில் அனுப்பிவிடுகிறார். சொத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தன் வீட்டில் வேலை பார்த்த லெட்டி லாங் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு. ஐந்து பங்கு காணாமல் போன தம்பிக்கு. ஐந்து பங்கு சர்ச்சுக்கு. மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. சொத்தோ இரண்டு கோடி டாலருக்கு மேல்.

பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். வலி மாத்திரையில் அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இல்லை, வேலைக்காரி மயக்கி எழுதி வாங்கிவிட்டாள் என்பது வழக்கு. ஊர் முழுக்க ஒரே கேள்வி: ஏன் இவளுக்கு? விடை கடைசியில்தான் வருகிறது. அலாஸ்காவில் ஒளிந்து வாழ்ந்த தம்பி ஆன்சில், வீடியோவில் சாட்சி சொல்கிறார். 1930-இல் தங்கள் அப்பா கிளியோன் ஹப்பர்ட்டும் அவருடைய ஆட்களும் சில்வெஸ்டர் ரிண்ட்ஸ் என்ற கறுப்பின விவசாயியை அதே மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றார்கள், அவருடைய எண்பது ஏக்கரை எழுதி வாங்கிக்கொண்டார்கள், சிறுவர்களான தாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம் என்று. அந்தச் சில்வெஸ்டரின் பேத்திதான் லெட்டி.

முடிவைச் சொல்லிவிட்டோமே என்று கோபப்பட வேண்டாம். எங்களுக்குச் சண்டை வந்ததே முடிவில்தான்.

நாலாவது வாரம் வரைக்கும் எல்லாருக்கும் நாவல் பிடித்திருந்தது. பி.காம். படிக்கும் தம்பி ஒருவன், "அண்ணா, சினிமா மாதிரி இருக்கு, நடுவுல கொஞ்சம் இழுவை" என்றான். நியாயமான விமர்சனம்தான். வக்கீல்கள் பேசிப் பேசி நேரம் கடத்துகிற பக்கங்கள் நிறைய. கிரிஷாமே மிசிசிப்பியில் வக்கீலாக இருந்தவர், அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிற ஆசை அவருக்கு உண்டு. லெட்டியின் கணவன் சிமியன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டு பையன்களைக் கொன்றுவிடும் பகுதி வந்தபோது, "கறுப்பன்னா குடிகாரன்னு எழுதணுமா?" என்று ஒருவன் பொருமினான். இன்னொருவன் மெதுவாக, "எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துச்சு, எழுதுனா என்ன?" என்றான். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அதை மேலே இழுக்க எங்களுக்கும் மனம் வரவில்லை.

பெண்பிள்ளைகள் அதிகம் பேசியது வேறொன்றைப் பற்றி. லெட்டி பெயரில் சொத்து எழுதப்பட்டது தெரிந்ததும் ஊர் முதலில் நினைப்பது என்ன? அவளுக்கும் அவருக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்றுதான். எதிர்த்தரப்பு வக்கீல் வேட் லேனியர், சேத்துடன் பழகியதாகச் சொல்லும் வேறொரு கறுப்பினப் பெண்ணைத் திடீரெனக் கூண்டில் ஏற்றுகிறார். இவளோடு பழகியவர் அவளோடு பழகியிருக்க மாட்டாரா என்று ஜூரிகளை யோசிக்க வைக்க அந்த ஒரு சாட்சி போதும். "அவிய ஒரு வார்த்தை லெட்டியப் பத்திச் சொல்லல. ஆனா எல்லாம் சொல்லியாச்சு" என்றாள் ஒரு தங்கை. அவள் அம்மா ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். ஒரு பெண் ஒரு வீட்டில் இருபது வருஷம் மாடு கறந்து, முற்றம் பெருக்கி, நோயாளியின் மலம் அள்ளியதற்கு ஈடாக எதுவும் கிடைக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கிடைத்துவிட்டால், 'வேறு' எதற்கோதான் கிடைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, சட்டம் படிக்கும் தங்கை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "இது மிசிசிப்பி. நம்ம கோர்ட்ல இந்த உயில் முதல் நாளே விழுந்துடும்."

அங்கே, முழுக்கத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டால் சாட்சி இல்லாமலேயே உயில் செல்லும். இங்கே 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது. எழுதுகிறவர் கையெழுத்துப் போட்டதை, அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவர் ஒத்துக்கொண்டதை அந்த இருவரும் பார்த்திருக்க வேண்டும். அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால், அந்தச் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருக்கும்வரை, கூண்டேறிச் சொல்ல வேண்டும். பதிவு கட்டாயமில்லை. முத்திரைத் தாளும் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். ஆனால் அந்த இரண்டு கையெழுத்து இல்லாவிட்டால் அது உயிலே இல்லை, வெறும் கடுதாசி.

அவள் சொல்லி முடித்ததும் நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னோம்.

தோவாளை வட்டத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நிலக்காரர் வீட்டில் வேலை. அந்த வீட்டு விளையின் ஓரத்தில் ஐந்து சென்ட் இடத்தில் அவருடைய குடிசை. நிலக்காரர் மனைவி இறந்து, பிள்ளைகள் வெளியூர் போய், அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நாலு வருஷம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது இந்தப் பாட்டிதான். அந்த வீட்டுக் குவளையில் பாட்டி தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆனால் அவர் வாய்க்கு அதே குவளையைக் கொண்டுபோகலாம். சரி, அது வேறு கட்டுரை.

ஒரு நாள் அவர் நோட்டுத் தாளில், நடுங்குகிற கையால், குடிசை இருக்கும் அஞ்சு சென்ட் தனக்குப் பிறகு இன்னாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாட்டி அதை மஞ்சள் பைக்குள் வைத்து எங்களிடம் கொண்டுவந்தார். அப்போது அவர் உயிரோடு இருந்தார். நினைவும் தெளிவாக இருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? போட்டோ எடுத்தோம். பெயர்களை மறைத்து முகநூலில் போட்டோம். மனமாற்றம், மனசாட்சி என்று பெரிய பெரிய வார்த்தைகள் எழுதினோம். நானூறு பேர் விருப்பக்குறி போட்டார்கள். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்லி அனுப்பினோம். எங்களுக்கு வெபர் தெரியும், ஃபூக்கோ தெரியும். இரண்டு சாட்சி வேண்டும் என்பது தெரியாது. அதைவிட மோசம், தெரியாது என்பதும் தெரியாது. எட்டு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "இடத்தைக் காலி பண்ணணும்" என்று மகன்கள் சொல்லிவிட்டார்கள். தாளைக் கொண்டுபோய் வக்கீலிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதைச் சொல்லி முடித்தபோது சட்டம் படிக்கும் தங்கை எங்களைத் தேற்ற ஒன்று சொன்னாள். அது பயமுறுத்தத்தான் செய்தது. நாங்களே முன்னின்று சாட்சி வைத்து, பாட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருந்தாலும் சிக்கல்தான் என்றாள். 1958-இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றைக்கும் எல்லா உயில் வழக்கிலும் எடுத்துக்காட்டப்படுகிறது: சொத்தைப் பெறுகிறவரே உயில் எழுதுவதில் முன்னின்று வேலை செய்திருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தை உயிலைக் கொண்டுவருகிறவர்தான் போக்க வேண்டும். சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். லெட்டி சேத்தைக் காரில் கூட்டிப்போனாளா, மருந்து கொடுத்தாளா, கூட இருந்தாளா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்களே, அதே கேள்விகள்தான் இங்கேயும். கவனித்துக்கொண்டவர் கூடவேதான் இருந்திருப்பார். கூடவே இருந்ததுதான் சந்தேகம்.

ஒரு பாட்டா, ஒரு தங்கையின் தாத்தா, அதுவரை பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்த வெள்ளக்காரன் இருக்கும்போதே பிரமாணம் எழுதிக் குடுத்திருக்கலாம்லா மக்கா? என்னத்துக்குச் செத்த பெறகு குடுக்கணும்?" பிரமாணம் என்றால் எங்கள் பக்கத்தில் பத்திரம்.

நாவலின் எல்லாக் கோர்ட் வாதத்தையும் விட இந்தக் கேள்வி எங்களை அதிக நேரம் பேச வைத்தது. ஆமாம், ஏன்? சேத் ஹப்பர்டுக்கு உண்மை 1930-இலிருந்தே தெரியும். ஐம்பத்தெட்டு வருஷம் தெரிந்தே வாழ்ந்தார். லெட்டி அவர் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சம்பளம் மட்டும் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போது கொடுத்திருந்தால், ஊர் முகத்தில் விழிக்க வேண்டும், பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், 'என் அப்பன் கொலைகாரன்' என்று வாயால் சொல்ல வேண்டும். உயிலில் அது எதுவும் வேண்டாம். மரத்தில் தொங்கிவிட்டால் போதும், பதில் சொல்கிற வேலை லெட்டிக்கு. உயில் என்பது வெட்கப்படாமல் கடன் தீர்க்கிற வழி என்று ஒருவன் சொன்னான். எங்களுக்கு அவ்வளவு கடுமையாகச் சொல்ல மனமில்லை. ஆனால் பாட்டா சொன்னதற்கு நாவலில் பதில் இல்லை.

சமூகவியல் படிக்கும் தங்கை ஒருத்திக்கு வேறு கோபம். சில்வெஸ்டர் கொலையான கதை கறுப்பினக் குடும்பங்களின் நினைவில் இருக்கத்தான் செய்கிறது. லெட்டியின் மகள் போர்ஷியா, ராணுவத்திலிருந்து திரும்பி வந்து ஜேக்கின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வயதானவர்களைத் தேடிப் போய்க் குடும்பக் கதையைக் கிளறுகிறாள். நாவலில் எங்களுக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவள்தான். அதில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துப்போனோம். ஆனால் வழக்கை ஜெயிக்க வைப்பது போர்ஷியா தேடி எடுத்தது அல்ல. கொன்றவனின் மகன் அலாஸ்காவிலிருந்து பேசியது. "நாம எத்தனை தலைமுறையாச் சொல்லிக்கிட்டு இருந்தாலும் கதை. அவங்க ஒருத்தர் சொன்னா சாட்சியம்" என்றாள். இதற்கு மறுப்பும் வந்தது. கோர்ட் என்றால் நேரில் பார்த்தவர்தானே சாட்சி, அதில் ஆசிரியரை என்ன குறை சொல்ல என்றான் ஒருவன். அவன் சொன்னதும் சரிதான். பார்த்தவர்களில் ஒரு பக்கத்து ஆட்களை ஊரை விட்டே துரத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இது கிரிஷாமின் கற்பனை மட்டும் அல்ல. 2001-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், கறுப்பின மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட 107 நிகழ்வுகளை ஆவணங்களோடு வெளியிட்டது. அவற்றில் மட்டும் 24,000 ஏக்கருக்கு மேல் நிலமும் மரக்காடும் போயிருந்தன. பாதிக்கு மேற்பட்டவை வன்முறையால் பிடுங்கப்பட்டவை. வன்முறை இல்லாமல் போனது இன்னும் அதிகம். கோர்ட்டை நம்பாத மக்கள் உயில் எழுதாமல் இறந்தார்கள், நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவானது, எங்கோ இருக்கும் ஒரு வாரிசின் பங்கை ஒரு வியாபாரி வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். அடுத்த முறை உயிலெல்லாம் பணக்காரர் விவகாரம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரியும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கை, அடுத்த வருஷம் வந்த அரசாணை, பஞ்சமி நிலம், அது கை மாறிய விதம், 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலத்தை மீட்கப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமசும் ஏழுமலையும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டப் பிள்ளைகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி. பஞ்சமி நில ஆணை சென்னை மாகாணத்துக்கானது. நம் கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது.

நாஞ்சில் நாட்டுக்கு வாரிசு வழக்கு புதிதல்ல. சொல்லப்போனால் இந்த மண்ணின் பெரிய இலக்கியமே வாரிசு வழக்குதான். மருமக்கள்வழிக் காரணவன்மார் சொத்தைப் படுத்திய பாட்டைக் கேலி செய்து கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பிள்ளைகளுக்குப் பங்கு கிடைத்தது. கிறிஸ்தவப் பெண்களுக்கு, மகனுக்குக் கிடைப்பதில் கால்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அதுதான் என்று சொன்ன திருவிதாங்கூர்ச் சட்டத்தை 1986-இல் மேரி ராய் வழக்கு முடித்துவைத்தது. எல்லாம் நல்ல மாற்றங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கேள்வி வரும். சொத்து மருமகனுக்கா மகனுக்கா, மகனுக்கா மகளுக்கா என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நாம் எங்கே இருந்தோம்?

சொத்தில் இருந்தோம். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேடிக் கண்டெடுத்தார். பிறகு அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் அடிமை விற்ற ஓலைகள் இருக்கின்றன. ஆளுக்கு விலை போட்டு, கைமாற்றி எழுதிய ஓலைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றி வைக்கப்பட்டார்கள். ஒழிந்த பிறகும் நிலம் யாரும் கொடுக்கவில்லை. ஆளை விடுவித்தார்கள், நிலத்தை வைத்துக்கொண்டார்கள். அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குப் போய்ப் புதுவல் நிலம் கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது அதனால்தான். இந்த ஓலைகளைப் பற்றி வாசித்துக் காட்டியபோது, எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

இப்போது சண்டை வந்த இடம். ஜூரி லெட்டி பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. கைதட்டல். அதோடு முடியவில்லை. ஆன்சிலின் வீடியோ முறைப்படி எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் கடைசி நிமிடத்தில் கொண்டுவரப்பட்டது, மேல்முறையீட்டில் தீர்ப்பு நிற்காது என்ற பயம் இருக்கிறது. நீதிபதி ஆட்லி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ராஜி பேசுகிறார். சேத்தின் பிள்ளைகளுக்கும் ஒரு தொகை, ரிண்ட்ஸ் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ஓர் அறக்கட்டளை, அந்த எண்பது ஏக்கர் லெட்டிக்கு.

"ஜெயிச்சவள எதுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்றாங்க?" என்று பாதிப் பேர் கத்தினார்கள். வன்கொடுமை வழக்குகளில் வேலை பார்த்த எங்களுக்கு ராஜி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். எத்தனை வழக்கில், எத்தனை திண்ணையில், 'எல்லாரும் ஒரே ஊர்லதான இருக்கணும்' என்ற வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம். கொன்றவனின் பேரப்பிள்ளைகளுக்கு ஏன் பணம்? நல்ல வெள்ளைக்காரர்கள் ஒன்றுகூடி எல்லாருக்கும் வலிக்காமல் முடித்துவைக்கிற கதைதானே இது? இன்னொரு பாதி, மேல்முறையீட்டில் தோற்றால் லெட்டிக்கு ஒரு பிடி மண்ணும் இல்லையே என்றது. கல்வி அறக்கட்டளையைப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்கள், அவர்களுக்கு அது புரியும்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் கூட்டி வந்திருந்தோம். அவரும் எங்களிடமிருந்து கதையைக் கேட்டிருந்தார். இந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டார்: "ஒடுக்கம் அவளுக்கு எடம் கெடச்சுதா இல்லியா?"

கிடைத்தது என்றோம்.

"அப்பொ ராஜிண்ணா ராஜி. எடத்த வச்சிட்டுப் பேசணும். எடத்த விட்டுட்டு ரூவாய வாங்கக் கூடாது. ரூவா பேரன் பைக்குக்குப் போயிரும்."

நிலக்காரரின் மகன்கள் எழுபத்தைந்தாயிரம் ரூபாய் தருகிறோம், காலி செய் என்று அதற்கு முந்தின வாரம்தான் ஆள் அனுப்பியிருந்தார்கள். எங்களில் ஒருவர், வாங்கிவிடலாம், கேஸ் நிற்காது என்று அவரிடம் சொல்லியும் இருந்தோம். எங்களுக்கான பதில்தான் அது என்பது புரிய ஒரு நிமிடம் ஆனது.

அந்த வாரமே வக்கீலிடம் திரும்பவும் போனோம். இந்த முறை தாளைக் கொண்டுபோகவில்லை. பாட்டியைக் கூட்டிப்போனோம். வக்கீல் உயிலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அந்தக் குடிசையில உங்களுக்கு முன்னால யாரு இருந்தா?" என்று கேட்டார். மாமியார் இருந்தார், மாமியாருக்கு மாமனாரும் இருந்தார், எல்லாரும் அந்த வயலிலேயே நடவும் அறுப்பும் பார்த்தவர்கள் என்றார் பாட்டி. 1971-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு குடியிருப்புதாரர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்குவதற்காகக் கொண்டுவந்தது, அந்த வருஷம் உங்கள் மாமியார் அங்கே குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் இது பொருந்துமா என்று பார்க்கலாம் என்றார். பொருந்தும் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் பெரிய மனது பண்ணி எழுதிக்கொடுத்தார் என்று நாங்கள் முகநூலில் கொண்டாடிய அந்த அஞ்சு சென்ட், அவர் எழுதுவதற்கு முன்பே பாட்டியின் மாமியாருடையதாக இருந்திருக்கலாம். சேத் ஹப்பர்ட் கொடுத்ததும் அவருடையது அல்லவே. இதை நாவலின் பக்கங்களில் ஒரு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊரில் இருப்பது கண்ணில் படவில்லை.

இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். பழைய வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, பாட்டியின் கணவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, பிரசவம் பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிச் சீட்டு, எதில் வேண்டுமானாலும் அந்த வீட்டு விலாசம் இருக்கலாம். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து அலைகிறார்கள். இதுவரை கிடைத்தது ஒன்றுதான். பள்ளிப் பதிவேட்டில் கணவரின் பெயர், அப்பா பெயர், தொழில் 'கூலி' என்று இருக்கிறது. விலாசத்துக்கான கட்டத்தில் நிலக்காரர் வீட்டுப் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் 'விளை' என்று எழுதியிருக்கிறார்கள். அது போதுமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறோம். உங்கள் ஊரில் இப்படி ஒரு குடிசை இருந்தால், பதிவேடுகள் செல்லரிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள்.

நாவல் பிரதி இப்போது பாட்டியின் பேத்தியிடம் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போர்ஷியா வரும் பக்கங்களை மட்டும் முதலில் படிக்கப்போகிறாளாம்.